சுவருக்கு ஓர் ஒட்டியாணம்

(குஜராத் மாநிலம் காந்திதாமில், தமிழ்க் குடும்பங்களுக்கான கற்போர் மையத்தில் ஒரு தொண்டர் பேசியது)



இன்றைக்குப் புத்தகத்தை எடுக்க வேண்டாம். கொஞ்ச நேரம் பேசலாம். புரியாத இடத்தில் என்னை நிறுத்துங்கள். கேள்வி கேளுங்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். இன்ஜினியர் இல்லை. ஆனால் இன்று சொல்லப் போகும் விஷயத்தை ஒரு நல்ல கொத்தனாரிடம் கற்றேன். அவர் என் அப்பா. அவர் சொன்னதைப் புத்தகத்திலும் படித்துச் சரிபார்த்தேன்.

போன வாரம் நம் வகுப்பில் ஒரு சண்டை நடந்தது. நினைவிருக்கிறதா? சித்தியின் மகன் அஞ்சார் பக்கத்தில் ஒரு பழைய மண் வீட்டை வாங்கியிருக்கிறான். ஒரே ஓர் அறை. மேலே ஓடு. "ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடப் போகிறோம்" என்று சித்தி சந்தோஷமாகச் சொன்னார். "அதுதான் சரி, தளம் போட்டால்தான் வீடு" என்றார் ஓர் அண்ணாச்சி. நான், "வேண்டாம், மண் சுவர்மேல் தளம் போடாதீர்கள்" என்றேன். உடனே எல்லோரும் என்மேல் பாய்ந்தீர்கள். "அப்படியானால் நாங்கள் கடைசி வரை ஓட்டு வீட்டில்தான் கிடக்க வேண்டுமா?" என்று சித்தி கேட்டார். அவர் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பேசினேன். அந்தப் பதிலைத்தான் இன்று கொண்டு வந்திருக்கிறேன்.

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26. குடியரசு தினம். காலை 8 மணி 46 நிமிடம். அப்போது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். அம்மா தண்ணீர்க் குடத்தோடு தெருவில் நின்றுகொண்டிருந்தார். சித்தி அறைக்குள் இருந்தார். அது வாடகை அறை. கல்லை அடுக்கி, நடுவில் மண் சாந்து வைத்துக் கட்டிய சுவர். மேலே தகரம். தரை ஆடியது. அம்மா குடத்தோடு உட்கார்ந்துவிட்டார். எழுந்து பார்த்தால் அறையின் முன் சுவர் முழுவதும் தெருவில் கிடக்கிறது. பக்கச் சுவர் உள்ளே விழுந்துவிட்டது. சித்தியின் கால் அந்தக் கல்லுக்கு அடியில். அப்பாவும் இன்னும் நாலு பேரும் கல்லை எடுத்துப் போட்டு அவரை வெளியே இழுத்தார்கள். சித்தி நடக்கும்போது ஒரு கால் இழுக்கும் அல்லவா? அது அன்றைக்கு வந்தது. இதைச் சொல்ல அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

அப்பா ஒன்று சொல்வார். "மேலே தகரம் இருந்ததால் உன் சித்தி பிழைத்தாள். தளம் இருந்திருந்தால் எடுக்க ஆள் இருந்திருக்காது."

அந்தப் பூகம்பத்தில் சுமார் 13,800 பேர் இறந்ததாக அரசு கணக்குச் சொல்கிறது. பச்சாவ் ஊர் தரைமட்டமானது. அஞ்சாரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குடியரசு தின ஊர்வலம் போனார்கள். சின்னத் தெரு. இரண்டு பக்கமும் வீடுகள். அந்த வீடுகள் அவர்கள்மேல் விழுந்தன. 185 பிள்ளைகளும் 20 ஆசிரியர்களும் இறந்தார்கள். அஞ்சாரில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கம் வேலைக்குப் போனால் ஒரு முறை பாருங்கள். பெயர்களை இப்போது உங்களால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியும். குஜராத்தி எழுத்து தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இது முதல் தடவை இல்லை. 1819-இல் கட்ச் குலுங்கியது. 1956-இல் அதே அஞ்சார் இடிந்தது. பிறகு 2001. இனியும் வரும். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. சாயங்காலம் வருமா, நாம் எல்லோரும் தூங்கும் நேரத்தில் வருமா என்பதும் தெரியாது.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. அன்று விழுந்ததெல்லாம் மண் வீடா?

இல்லை. கல் வீடு விழுந்தது. சிமெண்ட் வீடும் விழுந்தது. இங்கே காந்திதாமிலும், தூரத்தில் அகமதாபாத்திலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் இடிந்தன. ஆனால் கட்ச் மாவட்டத்தின் வடக்கே பன்னி என்ற புல்வெளிப் பகுதி இருக்கிறது. அங்கே மாடு மேய்க்கும் மக்கள் வட்டமான மண் வீட்டில் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்குப் பெயர் 'புங்கா'. நம் தமிழ்ப் பூங்கா இல்லை, புங்கா! சுவர் மண்ணால் ஆனது. மேலே கூம்பு போலப் புல் கூரை. சுவருக்கு உள்ளே மண்ணிலேயே பூ வேலை செய்து கண்ணாடித் துண்டுகள் பதித்திருப்பார்கள். கைவினைப் பொருள் கடையில் படம் பார்த்திருப்பீர்கள். அந்தப் புங்காக்களில் மிகப் பல 2001-இல் விழாமல் நின்றன. எல்லாமே தப்பின என்று நான் சொல்ல மாட்டேன். விரிசல் விட்டவையும் உண்டு. சுவர் பலவீனமாக இருந்தவை சேதமாயின. ஆனால் பக்கத்து ஊர்க் கல் வீடுகளோடு ஒப்பிட்டால் சேதம் மிகக் குறைவு.

அது எப்படி? அதுவும் மண்தானே?

இதோ பழைய காலண்டர் தாள் ஒன்று கொண்டு வந்திருக்கிறேன். இதை மேசைமேல் நிமிர்த்தி வைக்கிறேன். நிற்கிறதா? இல்லை, படுத்துவிட்டது. இப்போது இதையே குழல் போலச் சுருட்டி நிற்க வைக்கிறேன். நிற்கிறது. மேசையைத் தட்டுகிறேன். இன்னும் நிற்கிறது. அதே தாள்தான். தட்டையாக இருந்தால் விழும். வட்டமாக இருந்தால் ஒரு பக்கத்தை இன்னொரு பக்கம் தாங்கிக்கொள்ளும். புங்காவுக்கு மூலை கிடையாது. பூகம்பத்தில் வீடு முதலில் கிழிவது மூலையில்தான். மூலை கிழிந்ததும் நீளமான சுவர் தனியாகிவிடும். தனியான சுவர் முன்னும் பின்னும் ஆடி, வெளியே சாயும். அம்மா தெருவில் பார்த்தது அந்தச் சுவரைத்தான்.

இன்னொரு காரணம் கூரை. புங்காவின் கூரை புல். இலேசானது.

பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். டிரைவர் சட்டென்று வண்டியைக் கிளப்புகிறார். என்ன ஆகும்? கால் முன்னே போகும், உடம்பு பின்னே சாயும். தலையில் வெறும் துண்டு இருந்தால் சமாளிக்கலாம். தலையில் ஒரு மூட்டை சிமெண்ட் இருந்தால்? ஆளும் மூட்டையும் சேர்ந்து விழ வேண்டியதுதான். பூகம்பத்தில் தரைதான் பஸ். வீடுதான் நீங்கள். கூரைதான் தலைச்சுமை. சுமை கூடக் கூட, தள்ளும் வேகமும் கூடும்.

இதை நன்றாகக் காட்டிக் கொடுத்தது மகாராஷ்டிரம். லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரி என்று ஓர் ஊர். 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30. விடியற்காலை 4 மணிக்குச் சில நிமிடம் முன்பு பூகம்பம் வந்தது. விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு வந்து ஊரே அசந்து தூங்கிய இரவு. கட்சில் வந்ததைவிட அது சிறிய பூகம்பம். ஆனாலும் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அந்தப் பக்கத்தில் பூகம்பம் வரும் என்று அரசு வரைபடத்தில்கூட யாரும் எதிர்பார்க்கவில்லை. மிகக் குறைந்த ஆபத்துள்ள இடம் என்றுதான் அதில் குறித்திருந்தது.

ஏன் அத்தனை பேர்? அந்த ஊர் வீடுகளைக் கேளுங்கள். சுவர் 2 அடிக்கு மேல் கனம். பார்த்தால் கோட்டை மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே? வெளிப்பக்கம் ஒரு வரிசைக் கல், உள்பக்கம் ஒரு வரிசைக் கல், நடுவில் சில்லுக் கல்லும் மண்ணும். இரண்டு வரிசையையும் சேர்த்துப் பிடிக்க ஒன்றும் இல்லை. குலுங்கியதும் சுவர் இரண்டாகப் பிளந்தது. மேலே கூரையோ மரப் பலகைமேல் கொட்டிய மண். வெயில் காலத்தில் குளிர்ச்சி. மழையில் ஒழுகினால் இன்னும் கொஞ்சம் மண் கொட்டுவார்கள். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம். தாத்தா கொட்டியது, அப்பா கொட்டியது, மகன் கொட்டியது எல்லாம் சேர்ந்து 1 அடி, 2 அடி, சில வீட்டில் அதற்கும் மேல் ஏறிவிட்டது. அத்தனையும் தூங்கியவர்கள்மேல் இறங்கியது.

அதே ஊர்களில் இன்னொன்றையும் பார்த்தார்கள். சில வீடுகளில் கூரை பாரத்தை மரத் தூண்கள் தாங்கின. அந்த வீடுகளில் சுவர் விழுந்தும் கூரை தூணின்மேல் அப்படியே நின்றது. குடிசையில் தூங்கியவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள். கோட்டை மாதிரி வீடு கட்டியவன் போனான், குடிசைக்காரன் பிழைத்தான். இதைச் சொல்லும்போது அப்பா ஒரு மாதிரி சிரிப்பார். சந்தோஷச் சிரிப்பு இல்லை அது.

ஆக, குற்றம் மண்ணில் இல்லை. கட்டில்லாத சுவரும், கனமான கூரையும்தான் ஆளைக் கொல்கின்றன. அண்ணாச்சி, இப்போது புரிகிறதா? மண் சுவரின்மேல் கான்கிரீட் தளம் வைத்தால், இரண்டு குற்றத்தையும் சேர்த்துச் செய்கிறோம்.

"சரி பாப்பா, தளம் வேண்டாம். சுவரை என்ன செய்வது?" அதற்குத்தான் வருகிறேன்.

உங்கள் பையில் சீட்டுக்கட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியும் அண்ணாச்சி. கொடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம். இதோ, களிமண்ணை மெத்தை போலப் பரப்பி நாலு சீட்டை நாலு சுவராக ஊன்றுகிறேன். ஓர் அறை மாதிரி இருக்கிறதா? பலகையை ஆட்டுங்கள். ஒவ்வொரு சீட்டும் ஒவ்வொரு பக்கம் சாய்கிறது. மறுபடியும் ஊன்றுகிறேன். இப்போது மேல் பக்கத்தில் நாலையும் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போடுகிறேன். ஆட்டுங்கள். நன்றாக ஆட்டுங்கள். ஆடுகின்றன, ஆனால் ஒன்றாக ஆடுகின்றன. விழவில்லை.

இதுதான் சுவருக்குப் போடும் ஒட்டியாணம். கல்யாணப் பெண்ணுக்கு ஒட்டியாணம் அழகுக்கு. சுவருக்கு அது உயிர். கூடை முடைகிறவர்களைப் பாருங்கள். வாய் விளிம்பைச் சுற்றிக் கட்டாமல் கூடையை விடுவார்களா? விட்டால் பிரிந்து போகும். வீட்டுக்கும் அப்படித்தான்.

ஒட்டியாணத்தை எங்கே போடுவது? கதவு, ஜன்னலுக்கு நேர் மேலே ஒன்று. சுவரின் உச்சியில், கூரை உட்காரும் இடத்தில் ஒன்று. வீட்டைச் சுற்றி எங்கும் அறுபடாமல் ஓட வேண்டும். எதனால் போடுவது? மரம் இருந்தால் இரண்டு சட்டங்களை இணையாக வைத்து, நடுவில் குறுக்குக் கட்டை அடிக்க வேண்டும். ஏணியைச் சுவருக்குள் படுக்க வைத்தது மாதிரி இருக்கும். மூலையில் ஒரு சட்டம் இன்னொன்றின்மேல் ஏறிப் படுத்து, ஆணி அடித்துக் கட்டப்பட வேண்டும். மூலையில் வெட்டிவிட்டால் ஒட்டியாணத்துக்குக் கொக்கி இல்லாத மாதிரி. போட்டும் பயன் இல்லை.

சுவருக்கு உள்ளே நெடுக மூங்கில் நட்டால் இன்னும் நல்லது. முக்கியமாக மூலைகளில். அஸ்திவாரத்தில் இருந்து கிளம்பி, இரண்டு ஒட்டியாணத்தோடும் கட்டி, கூரை வரை போக வேண்டும். சுவர் கட்டும்போதே செய்ய வேண்டிய வேலை இது. பிறகு செருக முடியாது.

இந்த யோசனை புதிதில்லை. 1897-ஆம் ஆண்டு ஜூன் 12-இல் அசாம், ஷில்லாங் பக்கம் பெரிய பூகம்பம் வந்தது. கல் கட்டடங்கள் விழுந்தன. அதற்குப் பிறகு அங்கே வேறு மாதிரி வீடு பரவியது. மரச் சட்டம் கட்டி, நடுவில் இக்ரா என்ற நாணலை அடைத்து, இரண்டு பக்கமும் மண் பூசுவார்கள். கூரையும் இலேசு. அங்கேயும் இரகசியம் ஒன்றுதான். கட்டு இருக்கிறது, கனம் இல்லை.

நம் நாட்டில் மண் வீட்டுக்கென்றே ஒரு வழிகாட்டி நூல் இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை கொடுக்கிறார்களே, இந்தியத் தர நிர்ணய அமைவனம், அவர்கள் 1993-இல் வெளியிட்டார்கள். எண் 13827. மண் வீட்டைக் கேவலம் என்று நினைத்தால் இத்தனை இன்ஜினியர்கள் உட்கார்ந்து அதற்கு நூல் எழுதுவார்களா? அதில் சில கணக்கு இருக்கிறது. பெருக்கல் கற்றவர்கள் கரும்பலகைக்கு வாருங்கள்.

சுவரின் கனம் ஒன்றரை அடி என்று வைப்போம். அதை 8-ஆல் பெருக்குங்கள். 12. சுவரின் உயரம் 12 அடியைத் தாண்டக் கூடாது. அதே ஒன்றரையை 10-ஆல் பெருக்குங்கள். 15. குறுக்குச் சுவர் இல்லாமல் ஒரு சுவர் 15 அடிக்கு மேல் நீளமாக ஓடக் கூடாது. சுவரை உயர்த்தினால் இந்த நீளம் இன்னும் குறைய வேண்டும். 8 அடி உயரம் போதுமே, நமக்கு எதற்கு மாளிகை? அதைவிட நீளமாக அறை வேண்டும் என்றால் நடுவில் முட்டுச்சுவர் கட்ட வேண்டும். மாடி என்ற பேச்சே வேண்டாம்.

கதவும் ஜன்னலும் 4 அடி அகலத்துக்கு மேல் வேண்டாம். மூலையில் இருந்து 4 அடி தள்ளித்தான் வைக்க வேண்டும். இதில்தான் நிறைய வீடுகள் தப்புச் செய்கின்றன. இடம் மிச்சம் என்று மூலையை ஒட்டியே கதவு வைக்கிறார்கள். அலமாரி போட வசதி என்கிறார்கள். மூலைதான் முதலில் கிழியும் என்று சொன்னேன் அல்லவா? அங்கே ஓட்டையும் போட்டால் கேட்கவே வேண்டாம். கட்ச் மாதிரி ஆபத்து அதிகமான இடத்தில், ஒரு சுவரில் உள்ள எல்லாத் திறப்புகளின் அகலத்தையும் கூட்டினால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 15 அடிச் சுவரில் எவ்வளவு? யார் சொல்வது? 5 அடி. சரி, சபாஷ்.

இனி மண். எல்லா மண்ணும் சுவருக்கு ஆகாது. ஆகுமா ஆகாதா என்று பார்க்க ஒரு பரிசோதனை உண்டு. காசு செலவில்லை. மண்ணை நனைத்துக் கோலிக்குண்டு அளவில் ஐந்தாறு உருண்டை பிடியுங்கள். இரண்டு நாள் காய விடுங்கள். பிறகு கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, பலம் கொண்ட மட்டும் நசுக்குங்கள். ஒன்றுகூட உடையவில்லை என்றால் மண்ணில் களி போதும். பொலபொலவென்று உடைந்தால் அந்த மண் வேண்டாம்.

ஆனால் களி கூடிப் போனாலும் தொந்தரவு. காயும்போது வெடிக்கும். சாந்து வெடித்தால் கல்லும் கல்லும் ஒட்டாது. அதற்குப் பரும் மணல் சேர்க்க வேண்டும். எவ்வளவு? இரண்டு பச்சைக் கல்லுக்கு நடுவில் சாந்தை வைத்து ஒட்டுங்கள். பச்சைக் கல் என்றால் சூளையில் சுடாமல் வெயிலில் காய வைத்த கல். ஒரு ஜோடிக்கு மணல் இல்லாத சாந்து. அடுத்ததற்கு ஒரு பங்கு மண்ணுக்கு அரைப் பங்கு மணல். அடுத்ததற்கு ஒரு பங்கு. இப்படி மூன்று பங்கு மணல் வரை போகலாம். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். எதில் வெடிப்பு இல்லையோ, அதில் மணல் குறைவானது எதுவோ, அதுதான் உங்கள் கணக்கு. சமையலில் உப்புப் பார்ப்பது மாதிரிதான். வைக்கோலை நறுக்கிப் போட்டாலும் வெடிப்பு குறையும்.

பச்சைக் கல் நாலு வாரம் காய வேண்டும். அவசரப்படக் கூடாது. காய்ந்த கல்லை இரண்டு முனையிலும் முட்டுக் கொடுத்து வைத்து, 60, 70 கிலோ உள்ள ஓர் ஆள் நடுவில் ஏறி நிற்க வேண்டும். உடையாமல் இருந்தால் நல்ல கல். அப்பா என்னைத்தான் ஏறி நிற்கச் சொல்வார். நான் 48 கிலோ. "நீ நின்று பயன் இல்லை, இட்லி சாப்பிட்டுவிட்டு வா" என்பார்.

தண்ணீரைப் பற்றி ஒரே வார்த்தை. மண்ணுக்கு எமன் தண்ணீர். அடியில் ஊறிய சுவர் பூகம்பம் இல்லாமலேயே சரியும். தரையில் இருந்து 1 அடிக்குக் குறையாமல் கல்லோ சுட்ட செங்கல்லோ வைத்து மேடை எழுப்பி, அதன்மேல்தான் மண் சுவர் தொடங்க வேண்டும். கூரை வெளியே நன்றாக நீண்டிருக்க வேண்டும். குளித்த தண்ணீர் சுவர் ஓரமாக ஓடக் கூடாது.

இதெல்லாம் புது வீட்டுக்கு. சித்தியின் மகன் வாங்கியது பழைய வீடு. அதை இடிக்கப் பணம் இல்லை. அதற்கு என்ன வழி?

வழி இருக்கிறது. தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு. அங்கேயும் ஏழைகள் பச்சைக் கல் வீட்டில்தான் இருக்கிறார்கள். அங்கேயும் அடிக்கடி பூகம்பம். அந்த நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில், ஆட்டும் மேடை ஒன்றின்மேல் மண் வீட்டைக் கட்டி, பூகம்பம் மாதிரியே ஆட்டிப் பார்த்தார்கள். பல வருடம் இதையே செய்தார்கள். பழைய வீட்டின் மூலைகளிலும், சுவரின் உச்சியிலும் பட்டை பட்டையாகக் கம்பி வலை வைத்தார்கள். உள் பக்கம் ஒரு வலை, வெளிப் பக்கம் ஒரு வலை. சுவரில் துளையிட்டு இரண்டையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். மேலே சிமெண்ட் பூசினார்கள். இப்படிச் செய்த சில வீடுகள் இருந்த பகுதியில் 2001 ஜூன் மாதம் நிஜமாகவே பூகம்பம் வந்தது. அந்த வீடுகள் நின்றன. பிறகு இன்னும் மலிவாகச் செய்ய முடியுமா என்று யோசித்து, நைலான் கயிற்றையே வலை போலச் சுவரைச் சுற்றி இறுக்கிக் கட்டியும் சோதித்தார்கள். சுவர் விரிசல் விட்டது, ஆனால் துண்டு துண்டாகச் சிதறவில்லை. ஆள் வெளியே ஓட நேரம் கிடைத்தால் போதுமே. கயிற்றில் உயிர் இருக்கிறது பாருங்கள்.

கில்லாரிப் பக்கத்திலும் பழைய வீடுகளைப் பலப்படுத்தினார்கள். கூரை மண்ணை வாரி எடுத்துக் கனத்தைக் குறைத்தார்கள். ஒழுகாமல் இருக்க உள்ளே பிளாஸ்டிக் தாள் விரித்தார்கள். பிளந்து போகும் கல் சுவரில் அங்கங்கே துளையிட்டு, இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடிக்கிற கட்டுக்கல் செருகினார்கள்.

நேற்று அப்பா சித்தியின் மகனோடு அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். சுவர் ஒன்றே கால் அடி கனம். உயரம் பரவாயில்லை. ஆனால் கதவு மூலையில் இருந்து 2 அடியில் இருக்கிறது. மேற்குச் சுவர் அடியில் ஈரம். அப்பா சொன்னது இது. கதவை அடைத்து நடுவில் வைக்க வேண்டும். ஈரம் பட்ட அடிப்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செங்கல் வைக்க வேண்டும். ஒரே நாளில் முழுவதும் எடுத்தால் சுவர் உட்கார்ந்துவிடும். மூலைகளுக்கு உள்ளும் புறமும் கம்பி வலை. சுவரின் உச்சியில் மர ஒட்டியாணம், வலையை அதோடு சேர்த்துக் கட்டு. ஓட்டை மாற்றித் தகரம் போட வேண்டும். வெயில் தாங்க உள்ளே மூங்கில் பாய். தளத்துக்கு ஆகும் செலவில் பாதிகூட வராது என்கிறார்.

சித்தியின் மகனுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. "தகரம் போட்டால் பெண் யார் கொடுப்பார்கள்?" என்று கேட்கிறான். அந்தக் கேள்வி எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கான்கிரீட் வீடு இருந்தால்தான் மதிப்பு என்று நாம்தானே பேசிப் பேசி வைத்திருக்கிறோம்? அவன் அந்த மண் வீட்டை இடித்து, அஸ்திவாரத்தில் இருந்து தூணும் விட்டமும் கம்பியும் முறைப்படி வைத்துத் தளம் போட்டால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதற்குக் காசு சேரும் வரை என்ன செய்வது என்பதுதான் பேச்சு. பெண் வீட்டார் வந்து பார்க்கும் நாள் ஒரு நாள். அவன் அந்தக் கூரைக்கு அடியில் படுக்கப் போவது எத்தனை ஆயிரம் இரவு?

அவன் இன்று வந்திருக்கிறான். பின்னால் கதவு ஓரம் நிற்கிறான். உள்ளே வா தம்பி, உட்கார். நீ கொண்டு வந்த மண்ணைக் கொடு. அந்த வீட்டுக் கொல்லையில் எடுத்த மண் இது. சாந்துக்கு இதுதான் வேண்டும் என்கிறான். சித்தி, தண்ணீர் ஊற்றுங்கள். ஆளுக்கு ஓர் உருண்டை பிடிப்போம். அண்ணாச்சி, கோலிக்குண்டு அளவு என்றேன், லட்டு பிடிக்காதீர்கள். ஒவ்வோர் உருண்டைக்குக் கீழும் ஒரு தாள் வைத்து அவரவர் பெயரை எழுதுங்கள். ஜன்னல் திண்டில் வைப்போம். இன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாருங்கள், நசுக்கிப் பார்க்கலாம்.